தேயிலைப் பெட்டி நோட்டு

மார்ச் 4

அண்ணிக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் உங்கள் புருவம் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். இறக்கிக்கொள்ளுங்கள். சமாதானம் பேச எழுதவில்லை. நான் கடை வைக்கக் கடன் கேட்ட வருடம், சாப்பாட்டு மேசையில் அண்ணனைப் பார்த்து, "வாய் வார்த்தைய நம்பி நான் ஜாமீன் கையெழுத்து போட முடியாது" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. உங்கள் கையெழுத்து இல்லாமலேயே கடை நடக்கிறது. படகிலிருந்து இறங்கினால் முதலில் கண்ணில் படுவது என் கடைதான். ரொட்டி, டீ, சோப்பு, மண்ணெண்ணெய், தூண்டில் நூல், எது கேட்டாலும் இருக்கிறது. இப்போது எழுதுவது ஒரு கேள்விக்காக. பணத்தை வகை பிரித்து அட்டவணை போடுவதற்கென்றே மத்திய வங்கியில் சம்பளம் வாங்குகிற ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

தூர்வார வந்த கப்பல் ஒன்று நங்கூரத்தைப் போட்டுக் கடலுக்கடியில் கிடந்த கேபிளை அறுத்துவிட்டது. அதிலிருந்து இந்தத் தீவில் போன் இல்லை, கார்டு மெஷின் இல்லை. ஏடிஎம் கண்ணை மூடிவிட்டது. கிளை வங்கியில் இருந்த நோட்டை வீட்டுக்குக் கொஞ்சமாகக் கிள்ளிக் கொடுத்தார்கள், அதுவும் தீர்ந்துகொண்டிருக்கிறது. காவல் வண்டி இல்லாமல் நோட்டுக்கட்டு அனுப்பக் கூடாதாம். அந்த வண்டியை ஏற்றுகிற பெரிய படகு பழுதாம். ஆக எல்லாருக்கும் கணக்கில் பணம் இருக்கிறது, ஒருவர் கையிலும் இல்லை. மேனேஜரிடம் கேட்டேன். "எங்க பேங்குக்கு மத்திய வங்கியில கணக்கு இருக்கும்மா, கோடிக்கணக்குல கிடக்கு" என்கிறார். கோடி வைத்திருப்பவர் என்னிடம் ரொட்டிக்குக் கடன் சொல்லிவிட்டுப் போகிறார்.

முதலில் சில்லறைக்குத்தான் சீட்டு கொடுத்தேன். தேயிலைப் பெட்டி அட்டையைச் சதுரமாக வெட்டி, "கொண்டுவருபவருக்கு இந்தக் கடையில் பத்து" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த முறை சாமான் வாங்கும்போது கொண்டுவருவார்கள் என்று நினைத்தேன். கொண்டுவரவில்லை. முடிவெட்டுகிறவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர் சலவைக்காரம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார். போன வாரம் ஐஸ் ஆலை முதலாளி, கூலி பிரித்துக் கொடுக்கச் சில்லறை இல்லை என்று, இரண்டு லட்சம் பெரிய நோட்டாகக் கொண்டுவந்து என் பிஸ்கட் டின்னில் வைத்துவிட்டு, அதே அளவுக்குச் சீட்டு வாங்கிப் போய் ஆட்களுக்குக் கூலி கொடுத்துவிட்டார். நான் கை வலிக்க எழுதினேன். வேண்டுமென்றால் எவர் வேண்டுமானாலும் சீட்டைக் கொடுத்து நோட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

படகு மெக்கானிக் இது கள்ள நோட்டு என்கிறான். என்னைப் பிடித்துக்கொண்டு போவார்களாம். அண்ணனிடம் கேட்டால் அடுத்த படகில் வந்து இறங்கி அழுவான். அதனால் உங்களைக் கேட்கிறேன். இது என்ன? பணமா, இல்லையா? மாதிரிக்கு ஒன்று வைத்திருக்கிறேன், நூறு போட்டது. தொலைத்துவிடாதீர்கள், அதுவும் கணக்கில் வரும்.

நாத்தனார்

மார்ச் 9

நாத்தனாருக்கு,

புருவம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கடிதம் வந்த அன்று மதிய இடைவேளையில் உன் அட்டையை மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். பின்பக்கம் "கெட்டியான தேநீருக்கு" என்று அச்சடித்திருக்கிறது. எங்கள் நோட்டுகளில் இவ்வளவு நம்பிக்கையான வாசகம் கிடையாது.

உன் மேனேஜர் பொய் சொல்லவில்லை. நாங்கள் வெளியிட்ட நோட்டும் நாணயமும் ஒரு பகுதி. அது உன் டின்னில் கிடந்தாலும் சரி, அவர் கிளையின் இரும்புப் பெட்டியில் கிடந்தாலும் சரி. வங்கிகள் எங்களிடம் வைத்திருக்கும் கணக்கில் உள்ள தொகை இன்னொரு பகுதி. அதற்குத் தாள் கிடையாது. ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குக் கொடுக்க வேண்டியதை அங்கேதான் தீர்த்துக்கொள்ளும். இந்த இரண்டும் சேர்ந்ததற்குத்தான் அடிப்படைப் பணம் என்று பெயர். மேனேஜரின் கோடி இரண்டாவது பகுதியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அது கம்பி வழியாக மட்டுமே நடக்கும், கம்பியைத்தான் அறுத்துவிட்டார்களே.

மற்றதெல்லாம் அதன்மேல் சொன்ன வாக்கு. உன் கணக்கில் ஒரு லட்சம் இருந்தால், உன் பெயர் ஒட்டி ஒரு லட்சம் எங்கோ அடுக்கியிருக்கிறது என்று அர்த்தமில்லை. கேட்கும்போது தருகிறேன் என்று வங்கி சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். மக்கள் கையில் இருக்கும் ரொக்கத்தையும் இப்படிக் கேட்டவுடன் கிடைக்கிற கணக்குகளையும் கூட்டினால் அது அடுத்த வகை. நிரந்தர வைப்பு மாதிரி, தவணை முடிந்தால்தான் கிடைக்கும் என்பதையும் சேர்த்தால் அதைவிட அகலமான வகை. மேலே போகப் போகத் தொகை பெரிதாகும், கைக்கு வர நேரமாகும்.

உன் சீட்டு எந்த வகை என்று பேருந்தில் வீடு வரும்வரை யோசித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் விட்டுவிட்டேன். அது நோட்டு இல்லை. கேட்கும்போது தருகிறேன் என்கிற வாக்கு, கைமாறுகிற அட்டையில் எழுதியிருக்கிறது. அதாவது நீ கடையை விட்டு எங்கேயும் போகாமல் வங்கி ஆகிவிட்டாய். குற்றமா என்பது சட்டப் பிரிவுக்காரர்களுக்குத்தான் தெரியும். நான் கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள், கேட்கவில்லை. நோட்டு மாதிரி படம் கிடம் வரையாதே. "இந்தக் கடையில்" என்ற சொல்லை விட்டுவிடாதே.

இரண்டு கேள்வி. டின்னில் எவ்வளவு நோட்டு? வெளியே எவ்வளவு சீட்டு? தனித்தனியாக எழுது. பதினெட்டு வருடமாக நான் அட்டவணையில் மட்டுமே பணத்தைப் பார்க்கிறேன். அது பிறக்கிற இடத்தை யாரும் எனக்குக் காட்டியதில்லை.

மேசைப் பேச்சைப் பொறுத்தவரை, நான் சொன்னதில் உனக்குப் பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. "கணக்கு எழுதிக் காட்டட்டும், போடறேன்" என்று பின்பாதி ஒன்று இருந்தது. நீ அதற்குள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டாய்.

அண்ணி

மார்ச் 15

அண்ணிக்கு,

பின்பாதியைச் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

நான் வங்கி என்று நீங்கள் எழுதியதைச் சலவைக்காரம்மாவிடம் படித்துக் காட்டினேன். தப்பு செய்துவிட்டேன். மறுநாள் காலை முந்தானையில் முடிந்த சீட்டுகளோடு வந்து நிற்கிறார். "வீட்டுல இருந்தா செலவாயிடுது, நீயே வச்சுக்கோ. அடுத்த மாசம் கூட ஒரு சோப்பு சேர்த்துக் குடு" என்கிறார். கொடுத்துவிட்டு நடுவில் கேட்கக் கூடாது என்று நான் கறாராகச் சொன்னேன், சரி என்றார். நீங்கள் சொன்ன நிரந்தர வைப்பு என் கடைக்கும் வந்துவிட்டது. வட்டி ஒரு சோப்பு.

மெக்கானிக்கும் வந்தான், கள்ள நோட்டு என்றானே, அவனேதான். எஞ்சினுக்குச் சாமான் வாங்க வேண்டும், ஐம்பதாயிரம் கடன் வேண்டும் என்றான். நோட்டைத் தொட மனசு வரவில்லை. சீட்டாக எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அதற்கு ஈடாக யாரும் டின்னில் எதுவும் போடவில்லை. ஆனால் அவன் அதை வாங்கிக்கொண்டு போய்ப் பழைய எஞ்சின்காரரிடம் கொடுத்தான், அவரும் வாங்கிக்கொண்டார். பணம் பிறக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றீர்களே, அது என் கல்லாவுக்கும் பிஸ்கட் அலமாரிக்கும் நடுவில் இருக்கிறது. நீளம் ஒரு முழம்.

கணக்கு கேட்டீர்கள். சனங்கள் சாமான் வாங்கி வாங்கி எண்பதாயிரத்துக்குச் சீட்டு என் மேசை டிராயருக்கே திரும்பிவிட்டது. டின்னில் இரண்டு லட்சம், டிராயரில் எண்பதாயிரம். இரண்டும் என்னுடையது என்று நினைக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. சரக்குப் படகு வந்தது, படகோட்டி சீட்டு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "கரையில இதை எவன் வாங்குவான்?" என்று கேட்டார், நியாயம்தான். டின்னிலிருந்து தொண்ணூறாயிரம் நோட்டு கொடுத்துச் சரக்கு இறக்கினேன். டிராயரில் இருந்த எண்பதாயிரம் சீட்டைக் கூரை வேலைக்காரருக்குக் கொடுத்துக் கடைக்குப் புதுக் கூரை போட்டுவிட்டேன். மழைக்கு ஒழுகாது. ஜாமீன் இல்லாமல் கூரை போட்டவள் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

உங்கள் மாதிரிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?

நாத்தனார்

மார்ச் 19

நாத்தனாருக்கு,

உடனே சீட்டு எழுதுவதை நிறுத்து. காரணத்தைப் பிறகு படித்தாலும் போதும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். கம்பிக் கதவுக்குப் பின்னால் புது நோட்டுக்கட்டு, கூரை தொடும் அளவுக்கு. இது அட்டவணையில் எந்தப் பத்தியில் வரும் என்று கேட்டேன். பிரிவுத் தலைவர், "எந்தப் பத்தியிலயும் வராது. அது வெறும் அச்சடிச்ச தாள். வாசலைத் தாண்டினாத்தான் பணம்" என்றார். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நேற்று உன் கடிதத்தைப் படித்தபோது வேடிக்கையாக இல்லை.

உன் டிராயருக்குத் திரும்பிய சீட்டு பணம் இல்லை. நீ கொடுத்த வாக்கு நிறைவேறி உன்னிடமே வந்துவிட்டது. அத்தோடு அதன் ஆயுள் முடிந்தது. அது திரும்பியதால் டின்னில் எண்பதாயிரம் நோட்டு உனக்குச் சொந்தமானது, உண்மை. அதை நீ சரக்குப் படகுக்குக் கொடுத்துவிட்டாய். பிறகு அதே எண்பதாயிரத்தை டிராயரிலிருந்து எடுத்துக் கூரைக்கும் கொடுத்தாய். ஒரே பணத்தை இரண்டு தடவை செலவழித்திருக்கிறாய். கூரைக்காரருக்குப் போனது பழைய சீட்டு இல்லை, புதுக் கடன்.

இப்போது டின்னில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். வெளியே, மெக்கானிக்குக்குக் கொடுத்ததோடு சேர்த்து, இரண்டரை லட்சம். வங்கிகளும் இப்படித்தான், டின்னில் இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுத்துத்தான் பிழைக்கின்றன. எல்லாரும் ஒரே காலையில் கேட்காதவரை பிரச்சினை இல்லை. ஆனால் அவர்கள் கை நீட்ட நாங்கள் இருக்கிறோம். உனக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தாயா?

உன் கிளை வங்கியிலிருந்து விவரம் வராததால் இந்த மாதம் போன மாதத்து எண்ணையே போட்டு "மதிப்பீடு" என்று குறித்திருக்கிறோம். அந்த வரியைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு உன் கூரை ஞாபகம் வருகிறது.

சீட்டு பத்திரமாக இருக்கிறது.

அண்ணி

மார்ச் 24

அண்ணிக்கு,

எண்ணிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி.

உங்கள் கடிதம் வந்த படகிலேயே ஐஸ் ஆலைக்கு டீசல் வந்தது. டீசல்காரனும் நோட்டுதான் கேட்டான். ஐஸ் ஆலை முதலாளி மீன்காரர்களிடம் ஐஸ் விற்றுச் சேர்த்த சீட்டைக் கொண்டுவந்து தொண்ணூறாயிரத்துக்கு நோட்டு கேட்டார். கொடுத்தேன், சொன்ன சொல் அதுதானே. அவர் எண்ணி வாங்கும்போது கடையில் ஆள் இருந்தது. டின்னின் அடி தெரிந்ததை அவர்களும் பார்த்தார்கள்.

மிச்சம் இருபதாயிரம். வெளியே ஒரு லட்சத்து அறுபதாயிரம். மெக்கானிக்கிடம் கடனைக் கேட்டால் கையை விரிக்கிறான். கடையில் சரக்கு இருக்கிறது, ஆனால் யாருக்கும் இப்போது சோப்பு வேண்டாம், நோட்டு வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கூரை வேலைக்காரர் நேற்று சும்மா வந்து டீ குடிக்கிற மாதிரி என் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவெட்டுகிறவர் இன்று சீட்டுக்கு முடிவெட்ட மாட்டேன் என்றாராம். வெறும் கை முழம் போடுமா, அண்ணி? கடையைப் பூட்டிவிட்டுப் போக எனக்குத் தெரியாது. போனாலும் இந்தத் தீவில் எங்கே போவது? வெள்ளிக்கிழமை படகு வரும் நாள். அன்று துறைமுகத்தில் ஊரே இருக்கும், அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து வருவார்கள் என்று நினைக்கிறேன்.

அட்டையில் இருக்கிறது என் கையெழுத்து. கடை போனால் கூலி வேலை செய்துகூடப் பிழைத்துக்கொள்வேன். என் கையெழுத்தைப் பார்த்து நாளைக்கு ஒருவர் சிரித்தால் என்னால் தாங்க முடியாது. உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. கணக்கு எழுதிக் காட்டச் சொன்னீர்கள், காட்டிவிட்டேன்.

நாத்தனார்

மார்ச் 26

நாத்தனாருக்கு,

இந்தக் கடிதத்தோடு உன் அண்ணன் வருகிறார். அவர் கையில் ஒரு டின் இருக்கும், வாங்கிக்கொள். அவருக்குப் படகு ஒத்துக்கொள்ளாது, எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்புகிறேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள், இவர் கனமில்லாமலேயே பயப்படுவார்.

உள்ளே ஒன்றரை லட்சம். என் பெயரில் இருந்த நிரந்தர வைப்பைத் தவணைக்கு முன்பே உடைத்தேன். கவுன்டரில் இருந்த பெண் எதற்கு இவ்வளவு ரொக்கம் என்று இரண்டு முறை கேட்டாள். பணத்தைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேனே, இத்தனை நோட்டை ஒன்றாக நான் கையில் பிடித்ததே இல்லை. கனமாக இருந்தது. வழியெல்லாம் ஒன்று யோசித்தேன். வங்கியின் பெட்டியில் இருந்தது என் கைப்பைக்கு வந்திருக்கிறது, ஆகவே அடிப்படைப் பணத்தின் மொத்தம் மாறவில்லை. ஆனால் என் அட்டவணையில் மக்கள் கையில் உள்ள ரொக்கம் கூடும், வைப்பு குறையும். முதல் முறையாக என் எண்ணில் நானே இருக்கிறேன்.

நான் சொல்கிறபடி செய். நோட்டை ஒளிக்காமல் கல்லா மேசையில் அடுக்கி வை. யார் கேட்டாலும் முகம் சுளிக்காமல், காரணம் கேட்காமல், கேட்டவுடன் கொடு. மெக்கானிக் கேட்டாலும் கொடு, முக்கியமாக அவனுக்கு. கடையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னாலேயே திற. நீ ஓட்டாண்டி இல்லை. சரக்கு இருக்கிறது, மெக்கானிக் தர வேண்டியது இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது. இப்போதைக்குக் கையில் ரொக்கம் இல்லை, அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு. இந்த வித்தியாசத்துக்குத்தான் எங்களைப் போன்ற அலுவலகத்தையே கட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்படி அவசரத்துக்குக் கொடுக்கும் கைமாற்றுக்கு வட்டி கடுமையாகப் போட வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். ஆகவே வட்டி: ஒரு சீட்டு, ஒரே ஒரு சீட்டு, எங்கெல்லாம் போய்விட்டு உன்னிடம் திரும்பியது என்று விசாரித்து எழுது. அட்டவணையில் எனக்கு அது கிடைக்காது.

அண்ணி

மார்ச் 30

அண்ணிக்கு,

அண்ணன் பிழைத்துக்கொண்டான். எலுமிச்சம்பழம் பிழைக்கவில்லை. படகிலிருந்து டின்னைத் தூக்கிக்கொண்டு நடக்க அவனுக்குத் தெம்பில்லை, படகோட்டிதான் தோளில் வைத்துக் கொண்டுவந்து கடையில் இறக்கினார். அதற்குள் வாசலில் வரிசை நின்றுவிட்டது. நான் நினைத்ததைவிட நீளம். பள்ளிக்கூடத்து டீச்சர்கூட நின்றார், என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு.

எல்லார் கண்முன்னாலும் டின்னைத் திறந்து அடுக்கினேன். முதலில் நின்றவன் யார் தெரியுமா? மெக்கானிக். எனக்கு ஐம்பதாயிரம் தர வேண்டியவன், மூவாயிரத்துக்குச் சீட்டை நீட்டுகிறான். வாய் வரைக்கும் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு எண்ணிக் கொடுத்தேன். உங்களுக்காக நான் இதுவரை செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான். அடுத்து கூரை வேலைக்காரர், அவருக்கும் கொடுத்தேன். அடுத்து டீச்சர். அடுக்கு இறங்க இறங்க வரிசை நெருக்கிக்கொண்டு வந்தது. பின்னால் இருப்பவர்களுக்குக் கிடைக்காது என்று யாரோ சொன்னது எனக்கே கேட்டது.

படகோட்டி இதையெல்லாம் டீ குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து ஒரு பெரிய நோட்டை நீட்டி டீக்கும் ரொட்டிக்கும் எடுத்துக்கொள் என்றார். மீதி எண்ணப் போனேன். அவர் என் கையை மறித்தார்.

"அதை ஏம்மா எண்ணிட்டு இருக்க? மீதிக்குச் சீட்டே குடு. வாரத்துல ரெண்டு தரம் இங்கதான வரேன்."

அவர்தான் கரையில் எவன் வாங்குவான் என்று கேட்ட மனிதர். பழைய அட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படகுக்குப் போய்விட்டார். வரிசையே அவர் போவதைப் பார்த்தது. அப்புறம் முடிவெட்டுகிறவர் தன் கையிலிருந்த சீட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, "காசு இருக்குல்ல? அப்ப எனக்கு இப்ப வேண்டாம்" என்று கிளம்பினார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் கிளம்பினார். சலவைக்காரம்மா மட்டும் நின்றார். அவருக்குத் தவணை முடியவில்லை, சோப்பு உண்டா இல்லையா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். உண்டு என்றேன்.

உங்கள் நோட்டில் பாதிகூடச் செலவாகவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஒரு பாட்டம் அழுதேன். அண்ணன் அழுததைவிடக் கொஞ்சம் கம்மிதான்.

வட்டி இதோ. மண்ணெண்ணெய்க் கறை பட்ட ஒரு நூறு, அதை எனக்கு அடையாளம் தெரியும். ஐஸ் ஆலையில் கட்டி உடைக்கிறவர் கூலியாக வாங்கி முடிவெட்டுகிறவருக்குக் கொடுத்தார். அவர் துணி வெளுக்கக் கொடுத்தார். சலவைக்காரம்மா மகளின் செருப்பைத் தைக்கக் கொடுத்தார். செருப்பு தைக்கிறவர் வலை பின்னுகிற அக்காவிடம் வாங்கியிருந்த கைமாற்றைத் தீர்த்தார். அந்த அக்கா பெரியவனின் ட்யூஷனுக்கு டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் மெக்கானிக்கிடம் மிக்சி பழுது பார்த்தார். மெக்கானிக் அதை வரிசையில் நின்று என்னிடமே மாற்றிக்கொண்டான். ஒரு நூறு இத்தனை வீட்டு வேலையை முடித்திருக்கிறது. ஒரு ரொட்டிகூட வாங்கவில்லை. இதற்கு உங்கள் அட்டவணையில் பத்தி உண்டா?

நாத்தனார்

ஏப்ரல் 22

அண்ணிக்கு,

கேபிளை ஒட்டவைத்துவிட்டார்கள். ஏடிஎம் கண்ணைத் திறந்தது. மேனேஜர் ரொட்டிக் கடனைக் கார்டில் தேய்த்துத் தீர்த்தார். போன் வேலை செய்கிறது, இருந்தாலும் கடிதமாகவே எழுதுகிறேன். போனில் எனக்குப் பின்பாதி கேட்காமல் போகலாம்.

சீட்டை எல்லாம் திருப்பி வாங்கிவிட்டேன். திரும்பியதைத் திரும்பியபடியே அடுப்பில் போட்டேன், டிராயரில் வைக்கவில்லை. மெக்கானிக் தவணை கட்டத் தொடங்கிவிட்டான். சலவைக்காரம்மாவுக்குச் சோப்பு போய்ச் சேர்ந்தது. உங்கள் ஒன்றரை லட்சத்தை அதே டின்னில் வைத்து, படகோட்டி கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வைப்பை உடைத்ததில் உங்களுக்குப் போன வட்டி எவ்வளவு என்று சொன்னால் அதையும் அனுப்புகிறேன்.

இனி நான் வங்கி இல்லை, கடைக்காரிதான். கணக்கை மூடலாம் என்று உட்கார்ந்தால் ஒன்று குறைகிறது. நூறு. எல்லார் வீட்டிலும் கேட்டுவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, அது உங்களிடம் இருக்கிறது, மாதிரிக்கு அனுப்பியது. அதைத் திருப்பி அனுப்புங்கள், நூறை அண்ணன் கணக்கில் போட்டுவிடுகிறேன். யாரிடமும் என் வாக்கு பாக்கி இருக்கக் கூடாது.

நாத்தனார்

ஏப்ரல் 27

நாத்தனாருக்கு,

டின் வந்தது. எண்ணிப் பார்க்கவில்லை.

உன் தீவின் விவரம் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. மதிப்பீடு என்ற குறியை நானே எடுத்தேன். பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த மாதத்தில் தீவில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் படிக்கிறவர்கள் நினைப்பார்கள். கட்டி உடைக்கிறவரிலிருந்து மிக்சி வரை நீ எழுதிய பக்கத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பிரிவில் எல்லாரும் வந்து படிக்கிறார்கள். உடைத்த வைப்புக்கு அதுவே போதும், வட்டி தீர்ந்தது.

நூறு என் கைப்பையில் இருக்கிறது, அலுவலக அடையாள அட்டைக்குப் பின்னால். அதில் "இந்தக் கடையில்" என்று எழுதியிருக்கிறாய். அதன்படி, மாற்ற வேண்டுமென்றால் நான்தான் அங்கே வர வேண்டும். படகு எனக்கும் ஒத்துக்கொள்ளாது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் விடுமுறையில் வந்து புதுக் கூரையைப் பார்க்க வேண்டும். வந்தாலும் அதை மாற்றுவதாக இல்லை.

ஆகவே கணக்கை மூடாதே. வெளியே இருப்பது நூறு என்று எழுதி அப்படியே விட்டுவை. டீக்கு வேறு காசு கொண்டுவருகிறேன். அந்த அட்டை என்னிடமே இருக்கட்டும். கேட்கும்போது தருவாய் என்று எனக்குத் தெரியும்.

அண்ணி